ஹாரன் நீங்கலாக

கடலைப் பார்த்த பக்கம்தான் முதலில் போயிருந்தது.
இடது கதவில் விரல் வைத்தால்
அப்பளம்.
சுவரோரம் கிடந்த வலது கதவு
இன்னும் சிவப்பு.

கீழக்கரை சங்குக் கிடங்கில் முப்பத்தோரு வருடம்.
டிக்கி மேல் சாக்கு, சாக்கின் மேல் சாக்கு,
சீட்டுப் பஞ்சுக்குள் சங்குச்சதை அழுகிய வாடை.
லெப்பைத்தம்பியின் பெரிய வாப்பா
கொழும்பில் வாங்கித் தோணியில் இறக்கியதாம்.
இரண்டே இரண்டு பேர் உட்காரலாம்.
ஸ்பிட்ஃபயர் என்பது மீராசா வாயில் நுழையவில்லை.
யாரோ அர்த்தம் சொல்லிவிட,
அன்று மாலையே அதற்குத் தீத்துப்பி என்று பேராகிவிட்டது.

எனக்குத் தெரிந்தது விசைப்படகு.
டீசல் எஞ்சின் என்றால் இருட்டிலும் பிரிப்பேன்.
இதற்கு என்னிடம் ஸ்பேனரே இல்லை,
எல்லாம் அங்குலக் கணக்கு.
கிடங்குக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருடம்
நான்கு பிஸ்டனும்
உள்ளேயே இறுகிப் போயிருந்தன.

அதே எலும்பில் செய்த இன்னொரு வண்டி
கமுதிக்கு மேற்கே
சீமைக்கருவேலத்துக்குள் நிற்பதாகத் துப்பு வந்தது.
மதராஸில் செய்த ஹெரால்டு, சாம்பல் நிறம்,
கால்நடை மருத்துவர் ஓட்டியது.
போனட்டைத் திறக்க
ஒரு மரத்தை வெட்ட வேண்டியிருந்தது.
அவர் மகள் திலகவேணி விலை பேசவே இல்லை.
ரேஷன் கடை பில்லின் முதுகில்
நிறுத்தி நிதானமாக எழுதித் தந்தாள்:
எஞ்சின், கியர்பாக்ஸ், நான்கு சக்கரம்,
மற்றும் சகல பாகங்களும்,
ஹாரன் நீங்கலாக.
அதை முன்னமே கழற்றியும் வைத்திருந்தாள்.
வயர் நுனி இரண்டிலும் டேப் சுற்றியிருந்தது,
சுத்தமான வேலை.
ஏன் என்று கேட்க மீராசா வாயெடுத்தான்.
காலை மிதித்தேன்.

உப்புத் துரு கறுப்பு. செதிலாக உரியும்,
உரிந்த இடத்தில் இரும்பு இருக்காது.
கரிசல் காட்டுத் துரு வேறு.
காவிப் பொடி, ஊதினால் போய்விடும்,
அடியில் உலோகம் முழுசாகக் கிடக்கும்.
ஐந்து மாதம் இரண்டையும் தும்மினோம்.

கார்ப்பரேட்டர் பொருந்தியது.
பின் ஸ்பிரிங் பொருந்தியது.
ஷாஃப்ட் மட்டும் நீளம்.
அறுத்து, பற்றவைத்து,
ராமநாதபுரம் லேத்தில் மூன்று தடவை உருட்டிப் பார்த்தோம்.
ஹெரால்டின் கதவுப் பைக்குள்
ஒரு கண்ணாடி ஊசிக்குழல்,
துள்ளுமாரி ஊசி போட்ட கணக்கு நோட்டு,
வெள்ளாட்டுக் காதில் மாட்டும் வில்லை ஒன்று, எண் 212.
பாகங்களில் சேர்த்தியா, இல்லையா?
துணியில் சுற்றி டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து ஆய்வாளர்
சேசிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதினார்,
எஞ்சின் எண்ணை வேறொரு தாளில்.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு,
இது எந்த வண்டிய்யா, என்றார்.
லெப்பைத்தம்பி என்னைப் பார்த்தான்.
நான் மீராசாவைப் பார்த்தேன்.
அவர் டீ குடிக்கப் போனவர்தான்,
அந்தக் கோப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஹெரால்டின் மிச்சக்கூடு பட்டறைக்குப் பின்னால்.
இறுகிப்போன பழைய எஞ்சினை
அதற்குள்ளேயே தூக்கி வைத்தேன்.
தேவையில்லாத வேலை என்றார்கள்.
இரண்டு பேர் முதுகும் பிடித்துக்கொண்டது.

நேற்று அஸருக்குப் பிறகு
ஏர்வாடி ரோட்டில் எடுத்தோம்.
கூரை இல்லை. மூன்றாம் கியரில் முனகியது,
நான்காம் கியரில் முனகலை விட்டது.
உப்பளத்து வெள்ளை இரண்டு பக்கமும் ஓடியது.
லெப்பைத்தம்பி எதையோ கத்திச் சொன்னான்,
காற்று கொண்டுபோய்விட்டது.

திருப்பத்தில் ரோடு முழுக்க வெள்ளாடுகள்.
படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.
பழக்கத்தில் என் கட்டைவிரல்
ஸ்டியரிங் நடுவே அமுக்கியது.
ஒன்றுமில்லை.
நிறுத்தி எஞ்சினை உறும விட்டேன்,
கமுதிப் பக்கம் கிடை கிடையாய்
ஆடுகளைச் சிதற அடித்த எஞ்சின்தான்.

ஒரு கிடா மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.
மறுபடி அசைபோடத் தொடங்கியது.

மீராசா டிக்கியிலிருந்து குதித்து
ஹேய் ஹேய் என்று முன்னால் நடந்தான்.
பின்னாலேயே போனோம்,
முதல் கியரில்.